மனுதாரர் தரப்பில் இரண்டாவது சாட்சி

கல்யாணப் படம் ஒன்று வேண்டும் என்றார் வக்கீல். மனுவோடு இணைக்க வேண்டுமாம். நானும் என் கணவரும் மட்டும் இருக்கிற படமாகப் பார்த்து எடுத்து வரச் சொன்னார். ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். அப்படி ஒரு படம்கூட இல்லை. எல்லாப் படத்திலும் நான்கு பேர் நின்றோம்.

நான், என் கணவர், என் அண்ணன், அண்ணனின் மனைவி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த கல்யாணம் எங்களுடையது. ராஜபாளையத்திலிருந்து நான் வன்னியம்பட்டிக்குப் போனேன். வன்னியம்பட்டியிலிருந்து என் கணவரின் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரே மண்டபம், ஒரே பத்திரிகை, ஒரே முகூர்த்தத்தில் இரண்டு தாலி. அண்ணன் பெண்டாட்டி என்ற வகையில் அவள் எனக்கு மதினி. அவளுடைய அண்ணன் பெண்டாட்டி என்ற வகையில் நான் அவளுக்கு மதினி. இருவரும் ஒருவரையொருவர் மதினி என்றே கூப்பிட்டுக்கொள்வோம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்கு அந்த ஏற்பாடு பெரிய தெம்பாக இருந்தது. "அவிய பொண்ணு நம்ம வீட்டுல இருக்கும்போது, நம்ம பொண்ண கண்கலங்க விடுவாகளா?" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அதை ஒரு பாதுகாப்பாகத்தான் நினைத்தேன். இரண்டு கதவுகளை ஒரே சங்கிலியில் கட்டினால் ஒன்றைத் திறக்க மற்றொன்று விடாது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் வக்கீலின் குமாஸ்தாதான் வழி கண்டுபிடித்தார். படத்தின் பாதியை வெள்ளைத் தாளால் மறைத்து ஜெராக்ஸ் எடுத்தார். அப்படியும் அண்ணனின் ஒரு தோள் உள்ளே வந்துவிட்டது.

நான் டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்தவள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நூல் எவ்வளவு இழுத்தால் அறும், எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் தொழில். எதையும் வரிசைப்படுத்தி எழுதிவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்று நம்புகிறவள். விவாகரத்தையும் அப்படித்தான் அணுகினேன். புதிய வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு அர்த்தம் எழுதி வைத்துக்கொண்டேன். வக்காலத்து என்றால் என் சார்பில் பேச இன்னொருவருக்கு நான் தரும் அதிகாரம். வாய்தா என்றால் இன்றைக்கு நடக்க வேண்டியது இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போவது. வழக்குப் போடுகிறவர் மனுதாரர். யார்மீது போடுகிறோமோ அவர் எதிர்மனுதாரர். கணவன், மனைவி என்ற சொற்கள் அந்தக் கட்டடத்தின் வாசலோடு நின்றுவிடும்.

என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணமான புதிதில் மாதம் ஒருமுறை ஊருக்கு வந்தார். அப்புறம் பண்டிகைக்கு மட்டும் வந்தார். அப்புறம் பண்டிகைக்கும் வரவில்லை. வீடு பார்க்கிறேன், பார்த்ததும் உன்னை அழைத்துக்கொள்கிறேன் என்பார். நான் வன்னியம்பட்டியிலிருந்து அம்மா வீட்டுக்கே திரும்பி வந்து, அங்கிருந்து மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடமும் மதினியிடமும் சொல்லாமல் நானும் அம்மாவும் திருப்பூருக்குப் பஸ் ஏறினோம். விலாசம் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மாடி வீடு. தெருவிலிருந்தே படி ஏறியது. அம்மா என்னை எதிர்ப்பக்கத்தில் நிறுத்தினாள். "நீ கீழயே நில்லு. மொதல்ல நான் பாத்துட்டு வாரேன்" என்றாள். நான் ஓர் இஸ்திரி வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். செத்த நேரம் கழித்து அம்மா இறங்கி வந்தாள். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. "வா, போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் தாராபுரம் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள். "அங்க ஒருத்தி இருக்கா."

மேலும் கேட்க வாயெடுத்தேன். "கேட்டு என்ன செய்யப் போற?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னை நோகடிக்க வேண்டாம் என்று நினைக்கிறாள் என எடுத்துக்கொண்டேன். மாடியில் அவள் என்ன பார்த்தாள், யாரிடம் என்ன பேசினாள் என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

வக்கீல் ஐம்பது வயதை ஒட்டிய பெண். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். இரண்டு வழி இருக்கிறது என்று சொன்னார். ஒன்று, நான் மட்டும் வழக்குப் போடுவது. கொடுமை செய்தார், கைவிட்டுப் போனார், வேறு பெண்ணோடு வாழ்கிறார் என்று காரணம் காட்ட வேண்டும். காட்டுவதை நிரூபிக்கவும் வேண்டும். இன்னொன்று, இருவரும் சேர்ந்து கேட்பது. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து மனு கொடுத்த பிறகு சட்டம் ஆறு மாதம் யோசிக்கச் சொல்கிறது. அதன் பிறகு இருவரும் வந்து, இன்னமும் எங்களுக்கு இது வேண்டும் என்று சொன்னால் தீர்ப்பு.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோம்மா. தீர்ப்பு வர்ற நிமிஷம் வரைக்கும் ரெண்டு பேரு சம்மதமும் இருக்கணும். ஒருத்தர் மாத்திட்டா அம்புட்டுத்தான்" என்றார்.

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் மில்லில் நூலைப் பொதியாக அழுத்திக் கட்டும் பேல் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். ஒரு கையை எடுத்தாலும் அப்படியே நின்றுவிடும். யார் கையும் உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகச் செய்தது. நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன்.

இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசின. என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், மகன் செய்ததை மறுக்கவில்லை. சேர்ந்தே மனு கொடுத்துவிடலாம், யார் மேலும் பழி வேண்டாம், சின்னஞ்சிறிசுகள் இரண்டு இன்னொரு பக்கம் நன்றாக இருக்கிறதே என்றார். அவர் சொன்ன சின்னஞ்சிறிசுகள் அண்ணனும் மதினியும். எல்லாரும் தலையாட்டினோம். என் நகைகள் திரும்பி வந்தன. ஜீவனாம்சம் வேண்டாம் என்று நானே சொன்னேன்.

வேறு கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் எனக்கு அவசரம் இல்லை. அந்த மாடி வீட்டில் இன்னொருத்தி அவருக்குச் சமைத்துப் போட, சட்டத்தில் மட்டும் நான் மனைவியாக இருப்பது பொறுக்கவில்லை. அந்தச் சொல்லிலிருந்து என் பெயரை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மனு தட்டச்சாகி வந்ததும் வரி வரியாகப் படித்தேன். கதவு எண் தப்பாக இருந்தது, திருத்தினேன். தாலுகா பெயரில் ஓர் எழுத்துப் பிழை, அதையும் திருத்தினேன். நான்காவது பத்தியில் ஒரு வாக்கியம்: நாங்கள் இருவரும் பரஸ்பர இசைவின் பேரில் பிரிந்து வாழ்ந்து வருகிறோம், எங்களில் ஒருவர் மீது மற்றவருக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. இது உண்மை இல்லையே மேடம் என்றேன். சேர்ந்து கேட்கும் மனுவில் எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவோம், சண்டை இருக்கிறது என்று எழுதினால் அது சேர்ந்து கேட்பதாகாதே என்றார். அது சரியாகத்தான் பட்டது. கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் நீதிமன்றத்துக்கு அம்மாவும் கூட வந்தாள். எலுமிச்சைச் சாதம் கட்டி எடுத்து வந்திருந்தாள். கூப்பிட நேரமானதும் பொட்டலத்தைப் பிரித்து எனக்குக் கொடுத்துவிட்டு, தள்ளி நின்ற என் கணவரையும் கூப்பிட்டாள். "மாப்ள, வெறும் வயித்தோட நிக்காதீங்க. ரெண்டு வாய் சாப்பிடுங்க." அவரும் கூச்சப்படாமல் வந்து சாப்பிட்டார். அந்தப் பக்கம் போன ஒருவர் எங்களைப் பார்த்து, கேஸு முடிஞ்சு சேந்துட்டாக போல என்று கூட வந்தவரிடம் சொல்லிக்கொண்டு போனார். எனக்கே சிரிப்பு வந்தது. உள்ளே நீதிபதி கேட்டதற்கு இருவரும் ஆம் என்றோம். ஆறு மாதம் தள்ளி நாள் கொடுத்தார்கள்.

அந்த ஆறு மாதத்துக்குள் மதினிக்கு வளைகாப்பு வந்தது. கல்யாணமான வெகுநாளைக்குப் பிறகு தரித்த பிள்ளை. நாத்தனார் என்ற முறையில் நான்தான் முன்னால் நின்று வளையல் போட வேண்டும். அம்மா என்னை அடுப்படியில் பிடித்து, "நீ பொறவு போட்டுக்கலாம். செத்த நேரம் இங்கன இரு" என்றாள். புருஷனைப் பிரிந்திருப்பவள் முன்னால் நிற்க வேண்டாம் என்று நினைக்கிறாள். புரிந்தது. புளிச்சாதத்தையும் தயிர்ச்சாதத்தையும் கிளறிக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் துவைக்கிற கல். அங்கே அம்மாவும் அத்தையும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தைதான் பேசினார். அம்மா முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்திகள் இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சாயங்காலம் மதினியைப் பிரசவத்துக்கு வன்னியம்பட்டிக்கு அழைத்துப் போனார்கள். கார் கிளம்பும்போது அம்மா ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீதிமன்றம் கொடுத்த நாளில் நான் போனேன். அவர் வரவில்லை. வாய்தா. அடுத்த முறையும் வரவில்லை. அதற்கடுத்த முறை வந்தார். அவருடைய வக்கீல் ஒரு தாளைக் கொடுத்தார். எதிர்காலத்தை யோசித்துத் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகவும், மனைவியோடு சேர்ந்து வாழ விரும்புவதாகவும் அதில் எழுதியிருந்தது. எங்கள் மனு தள்ளுபடியானது. அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

வராந்தாவில் அவரைப் பிடித்தேன்.

"சேந்து வாழணும்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே, எங்க? திருப்பூர்லயா?"

போனைப் பார்த்தபடியே சொன்னார். "அதெல்லாம் வக்கீலு எழுதுறது. எனக்கு அந்த விவாகரத்துப் பேப்பரு வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்."

"அப்ப ஏன் மாத்துனீங்க?"

"உங்கம்மாகிட்டக் கேளு. அவங்கதான் திருப்பூருக்கே தேடி வந்து, கோர்ட்டுக்கு வந்துராதீங்க மாப்ளன்னு கேட்டாங்க. கால்ல விழாத கொறை." போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பெரியவங்க கேக்கும்போது எப்படிம்மா மாட்டேன்னு சொல்றது?"

அவருக்கு இழக்க எதுவும் இல்லை. ஒரு கையை எடுத்தால் பிரஸ் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். எடுக்கிற கை யாருடையது என்பதில்தான் என் கணக்கு தப்பியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திருப்பூருக்கு எப்போது போனாய் என்று கேட்டேன். நான் மில்லுக்குப் போன ஒரு நாள் என்றாள். இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்திருந்தேன் போல. அவளாகவே சொன்னாள். வளைகாப்பன்று அத்தை சொல்லிவிட்டாராம். உன் மகள் கோர்ட்டில் பேப்பர் வாங்கினால், பிரசவத்துக்குக் கூட்டிப் போகிற என் மகள் பிள்ளையோடு அங்கேயே இருந்துகொள்வாள் என்று.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொன்னா சரின்னிருப்பியா?"

"மாட்டேன்."

"பொறவு?"

கீரைக் காம்புகளை ஒதுக்கித் தள்ளினாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீ படிச்சிருக்க. வேலை இருக்கு. எங்க கொண்டு விட்டாலும் நீ நின்னுக்கிருவ. உங்கண்ணன் அப்படி இல்லடி. அவளும் பிள்ளையும் இல்லன்னா அவன் ஒண்ணுமில்லாமப் போயிருவான்."

அதை ஒரு பாராட்டைப் போலத்தான் சொன்னாள். என் கணவர் திருப்பூரில் செய்ததைவிட அதுதான் எனக்கு ஆழமாக இறங்கியது. அவர் என்னை விட்டுப் போனார். அதற்கு அவரிடம் ஒரு காரணமாவது இருந்தது. என் அம்மா இரண்டு பிள்ளைகளையும் எடைபோட்டுப் பார்த்து, தாங்குவேன் என்பதற்காகவே என்னைக் கொடுத்துவிட்டிருந்தாள். நீதிமன்றத்துக்கு என்னோடு வந்த ஒவ்வொரு முறையும் அவள் எனக்குச் சோறு கட்டி எடுத்து வந்தாள். அவர் வராத அந்த இரண்டு வாய்தாவுக்கும்கூட. வரமாட்டார் என்று தெரிந்தே கட்டி எடுத்து வந்திருக்கிறாள்.

அண்ணனுக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. சோழபுரம் பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் அவனிடம்தான் வரும். மறுநாள் அங்கே போனேன். அவனுக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்று நம்பித்தான் போனேன். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, நிமிராமல், "அம்மா பஸ்ஸுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன்" என்றான். அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அறை வாடகைக்குப் பார்த்துப் போய்விட்டேன்.

வக்கீல் இனி முதல் வழிதான் என்றார். நான் மட்டும் போடுகிற வழக்கு. வேறு பெண்ணோடு உறவு என்பதையே காரணமாக வைத்தால் அந்தப் பெண்ணையும் வழக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். அது வேண்டாம் என்றேன். கொடுமை என்று வைக்கலாம் என்றார். அடித்தால்தான் கொடுமை என்பதில்லை, மனைவியை ஊரில் விட்டுவிட்டு வேறொரு குடும்பம் நடத்துவதும் மனத்தைக் கொல்லுகிற கொடுமைதான். ஆனால் பழைய மனுவின் நான்காவது பத்தி குறுக்கே நிற்கும். குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்று கேட்பார்கள். அது ஒரு சடங்கு வாக்கியம் என்று காட்ட வேண்டுமானால், திருப்பூரில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் வந்து சொல்ல வேண்டும்.

"நீ பாத்தியாம்மா?"

"இல்ல மேடம். நான் தெருவுல நின்னேன்."

"அக்கம்பக்கத்துல யாராச்சும்?"

அது முன்பே முயன்று பார்த்தது. அந்த மாடி வீட்டின் சொந்தக்காரர் போனை எடுத்து, கோர்ட் என்றதும் வைத்துவிட்டார்.

"அப்ப பாத்தது யாரு?"

"எங்கம்மா மட்டும்தான்."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். அப்புறம், அம்மாவைக் கூப்பிட்டு, அவர் எதிராகச் சொல்லிவிட்டால் வழக்கே போய்விடும், யோசித்துக்கொள் என்றார்.

அதற்குள் மதினி ஆண் குழந்தையைப் பெற்று, ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்திருந்தாள். அண்ணன் இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். அம்மா பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சாட்சியாக வருவாயா என்று கேட்டேன். வரமாட்டேன் என்றாள். சம்மன் வந்தால் வந்துதான் ஆக வேண்டும் என்றேன். வந்து நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நான் பயந்திருந்தேன்.

பிள்ளையைத் துண்டில் சுற்றி எடுத்தாள். "அந்தக் கூண்டுல ஏறுனா எனக்குப் பொய் சொல்ல வராது. அதனாலதான் சொல்லுதேன். என்னைய ஏத்தாத."

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டால் அண்ணன் வீடு இருக்கும், அம்மா இருப்பாள், நான் சட்டப்படி அவருடைய மனைவியாக இருப்பேன். எத்தனை காலத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை. கூப்பிட்டால் என் பெயர் எனக்குத் திரும்பி வரலாம். அந்த வீட்டில் நான் இனி யாராகவும் இருக்கமாட்டேன். இரண்டையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சமமாகவே நீண்டது. அந்த முறை எழுதிப் பார்த்தது எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

சாட்சிகள் பட்டியலில் முதலாவதாக என் பெயர். இரண்டாவதாக அம்மாவின் பெயரை எழுதச் சொன்னேன். உறவு என்ற இடத்தில் மனுதாரரின் தாய் என்று குமாஸ்தா நிரப்பினார். சம்மன் போன அன்று அண்ணன் போன் செய்தான். அம்மாவைக் கூண்டில் ஏற்றினால் இந்த வாசலை மிதிக்காதே என்றான். சரி என்று சொல்லி வைத்தேன்.

என்னை விசாரித்தது நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் பழைய மனுவை எடுத்து, நான்காவது பத்தியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். இது உங்கள் கையெழுத்துத்தானே என்றார். ஆம். குற்றச்சாட்டு இல்லை என்று எழுதியிருப்பதைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டீர்களா என்றார். ஆம். கதவு எண்ணைக்கூட நீங்களே திருத்தியிருக்கிறீர்கள், அல்லவா என்றார். ஆம் என்றேன். அவருக்கு அது போதும்.

அம்மாவை அடுத்த வாய்தாவில் கூப்பிட்டார்கள். எனக்கு முந்தின பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். குடும்ப வழக்கு என்பதால் மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அறையில் நாங்களும் வக்கீல்களும் நீதிபதியும் வாக்குமூலம் எழுதுகிறவரும் மட்டும். என் கணவர் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார். அம்மா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் வக்கீல் கேட்டார். திருப்பூரில் அந்த வீட்டுக்குப் போனீர்களா? போனேன். யார் கதவைத் திறந்தது? ஒரு பொம்பளப் பிள்ளை. அப்புறம்?

"உள்ள வாங்கன்னு சொல்லி, தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. நான் யாருன்னு சொல்லல. அதுவா உள்ள திரும்பி, 'ஏங்க, ஊர்லேருந்து உங்க மாமியா வந்திருக்காங்க'ன்னு சொல்லிச்சு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். இதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெண் என் அம்மாவை முகம் பார்த்தே அடையாளம் கண்டிருக்கிறாள். அம்மாவும் நிற்கிற எங்கள் கல்யாணப் படத்தை அவர் அவளுக்குக் காட்டியிருக்கிறார். எல்லாம் தெரிந்தேதான் அங்கே குடித்தனம் நடந்திருக்கிறது. தெருவில் இஸ்திரி வண்டியின் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது என் அம்மா அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறாள்.

எதிர்மனுதாரர் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்டதற்கு, உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அந்தப் பெண் மறுசோறு போடப் போனது என்றாள். எழுதுகிறவர் நிறுத்தி, மறுசோறா என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவர் இதை வேறு பக்கமாகத் திருப்பப் பார்த்தார். "உங்க பொண்ணுக்கு விவாகரத்து ஆகக் கூடாதுன்னு நீங்களே எங்க கட்சிக்காரர்கிட்டப் போயிக் கேட்டீங்க. உண்டா, இல்லையா?"

"உண்டு."

"அவங்க சேந்து வாழணுங்கிற ஆசையிலதான கேட்டீங்க?"

அம்மா நீதிபதியைப் பார்த்தாள். பதில் சொல்லுங்கள் அம்மா என்றார் நீதிபதி. குரலில் கடுமை இல்லை.

"இல்லங்கய்யா. எம் மகன் குடும்பம் நிக்கணும்னு கேட்டேன். இவ குடும்பம் அன்னிக்கே போயிருச்சு. நான்தான் பாத்துட்டு வந்தேன்ல. அது போனதுதான். இத வச்சு அதயாச்சும் காப்பாத்துவோம்னு போனேன்."

வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதை நீதிபதி எழுத்துத் தமிழில் மாற்றிச் சொல்ல, எழுதுகிறவர் தட்டச்சு செய்தார். என் மகனுடைய குடும்ப வாழ்க்கையைக் கருதி எதிர்மனுதாரரைச் சந்தித்தேன், மனுதாரரின் குடும்ப வாழ்க்கை அதற்கு முன்பே முறிந்துவிட்டது எனக்குத் தெரியும் என்று அது தாளில் ஏறியது. படித்துக் காட்டினார்கள். சரிதான் என்றாள். ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் போட்டாள். அதுவரைக்கும் காத்துக்கொண்டு நின்றோம்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. வக்கீல் என் கையை அழுத்தினார். நான் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைக் கொடுத்துவிட்டதும், அதை இப்போது எனக்காகவே சொல்லியிருப்பதும் ஒரே பதிலில் இருந்தன. ஒன்றை வெட்டி எடுத்துவிட்டு இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

வெளியே வந்ததும் அவள் நேராகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். ராஜபாளையம் பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் திரும்பி, "ஏத்தாதன்னு சொன்னேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்தாள்.

அத்தை மிரட்டியது நடக்கவில்லை. விஷயம் தெரிந்து வன்னியம்பட்டியிலிருந்து கூப்பிட ஆள் வந்தபோது மதினி போகவில்லையாம். சில வாரம் கழித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மில் வாசலுக்கு வந்தாள். நாங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"என்னைய வச்சுத்தான் எல்லாரும் பேசியிருக்கீங்க, மதினி. எங்கிட்ட ஒருத்தரும் பேசலயே. எங்கண்ணன் செஞ்ச வேலைக்கு நான் எதுக்குப் பொட்டியத் தூக்கணும்?"

"எங்கம்மா உங்ககிட்டக் கேக்கவே இல்லையா?"

"எங்க கேட்டாக? நீங்க மட்டும் கேட்டீங்களா?"

நானும் கேட்டிருக்கவில்லை. குழந்தை என் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டான். அவனுக்கு நான் அத்தையும் ஆகிறேன், மாமன் பெண்டாட்டியும் ஆகிறேன். இல்லை, ஆகியிருந்தேன். தீர்ப்பு வந்துவிட்டால் ஒரு முறைதான் மிஞ்சும் என்று மதினியிடம் சொன்னேன். "அத்தை போதும்" என்றாள்.

தீர்ப்பு வந்தது. சான்றிட்ட நகலை வாங்கி, வழக்கம்போல வரி வரியாகப் படித்தேன். இரண்டாவது சாட்சியின் வாக்குமூலத்தை நம்பாமலிருக்கக் காரணம் எதுவும் இல்லை என்று ஓரிடத்தில் இருந்தது. அந்தச் சாட்சி தன் சொந்த நலனுக்கு எதிராகவே பேசியிருக்கிறார் என்றும் இருந்தது. பிழை எதுவும் கண்ணில் படவில்லை.

அண்ணன் சொன்ன வாசலை நான் இன்னும் மிதிக்கவில்லை. அம்மா வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். சாப்பிட்டாயா என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அவள் மன்னிப்புக் கேட்டதில்லை. நானும் அவளுக்கு நன்றி சொன்னதில்லை. நகல் வாங்கிய வாரம் பேசும்போது, வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று கேட்டாள்.

"அந்தப் பேப்பரு கைக்கு வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா."

"பத்திரமா வையி" என்றாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவள் போனை வைக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அவளும் வைக்கவில்லை.